ஆள் மாறி எழுதிய கொப்பி

கொழும்பிலிருந்து வந்த வழிகாட்டிப் புத்தகத்தின்படி பிணக்குகளில் மத்தியஸ்தம் செய்யும் என் வேலை மிகவும் சுலபமானது. காணிப் பிணக்கில் இருக்கும் இரண்டு பேரை எதிரெதிரே இருத்தி, நடுவில் ஒரு கொப்பியை வைக்கவேண்டும். இவர் அவராகவும் அவர் இவராகவும் ஆள் மாறி, முறைக்கு நாலைந்து வரி எழுதிக் கதையைக் கொண்டுபோகவேண்டும். வாயால் பேசினால் சண்டை வரும், எழுதினால் வராதாம். அந்தப் புத்தகத்தை எழுதின புண்ணியவான் முல்லைத்தீவுப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்கமாட்டார்.

தொடங்குமுன் இரண்டு விடயங்களை நான் தீர்மானிக்கவேண்டும். 'நான்' என்று எழுதச் சொல்வதா, 'அவர்' என்று எழுதச் சொல்வதா? நடந்ததாக எழுதுவதா, நடக்கிறதாக எழுதுவதா? 'அவர்' என்றால் ஆட்கள் கோள்மூட்டத் தொடங்கிவிடுவார்கள். நடந்ததாக என்றால் நேரே தொண்ணூறாம் ஆண்டுக்குப் போய், அங்கேயே நின்று கத்துவார்கள். முரசுமோட்டையில் இரண்டு பேர் கொப்பியையே கிழித்துவிட்டார்கள். ஆகவே 'நான்', அதுவும் இப்போது நடக்கிறதாக. அப்படி எழுதினாலும் எல்லாரும் நல்லபிள்ளைகளாக நாலு வரி எழுதி, தேத்தண்ணி குடித்து, பிணக்கைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு வருடத்திலேயே எனக்கு இந்த வேலை வெறுத்துப்போனது.

அன்று, 2003 ஆவணியில், தண்ணீரூற்றில் ஒரு பள்ளிக்கூட அறை. ஒரு பக்கத்துக் கதிரையில் மஹ்றூப். பிணக்கில் இருக்கும் வீட்டைக் கட்டியவர் அவர்தான். தொண்ணூறில் ஆயுதம் ஏந்திய இயக்கம் முஸ்லிம்களை வன்னியை விட்டுப் போகச் சொன்னபோது குடும்பத்தோடு போனவர். பதின்மூன்று வருடமாகப் புத்தளத்தில் தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலில் இருக்கிறார். மற்றப் பக்கத்தில் வீரபாகு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர். பிறகும் நாலு தடவை இடம்பெயர்ந்து, கடைசியில் வெறுமையாகக் கிடந்த அந்த வீட்டுக்குள் மனைவியோடும் இரண்டு குமர்ப்பிள்ளைகளோடும் புகுந்தவர். சொந்தமாக ஒரு பிடி மண் அவருக்கு எங்கேயும் இருந்ததில்லை. வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. இதற்குக் கொப்பி என்ன செய்யும்?

முதல் முறை வீரபாகுவுக்கு. மஹ்றூப்பாக மாறி, எழுத்துக்கூட்டி எழுதினார்.

"நான் என் வீட்டுக்கு வருகிறேன். கிணற்றடியில் கால் கழுவுகிறேன். இங்கே இருந்தவர்கள் கூரை ஒழுகாமல் வைத்திருக்கிறார்கள். நல்ல மனுசர்."

வாசித்த மஹ்றூப் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"மிஸ், நான் இவரை நல்ல மனுசர் எண்டு சொன்னனானோ?"

"எழுதுங்கோ. இப்ப நீங்கள்தான் வீரபாகு," என்றேன். கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மஹ்றூப் புடவைக்கடை வைத்திருந்தவர், பேனை பிடித்த கை. வீரபாகுவாக மாறி, வீரபாகுவை வெளியேற்ற அவருக்கு இரண்டு வரிகூடத் தேவைப்படவில்லை. வீட்டுத் திறப்பைக் கொடுக்கிறேன், சாமான்களைக் கட்டுகிறேன் என்று விறுவிறுவென்று போனார். பிறகு பேனையின் வேகம் குறைந்தது. ஆனாலும் நிற்கவில்லை. அரைப் பக்கம் நிரம்பியது. முடித்ததும் கொப்பியைத் தள்ளிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீரபாகு உரக்க வாசித்தார்.

"நான் திறப்பைக் கொடுக்கிறேன். சாமான்களை மூட்டையாகக் கட்டுகிறேன். கதவைப் பூட்டுவதா, விடுவதா என்று தெரியவில்லை. றோட்டுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வருகிறது, பிள்ளையின் பால்மாப் பேணி குசினி மேசையில் நிற்கிறது. திரும்பி ஓடுகிறேன். விடுகிறார்கள் இல்லை. பிள்ளை அழுகிறது."

வீரபாகு நிறுத்தினார். அந்த வரியை மறுபடி மனதுக்குள் வாசித்தார்.

"எங்க வீட்டில பால் குடிக்கிற பிள்ளை இல்லையே, நானா," என்றார் மெதுவாக, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறையில்.

மஹ்றூப் திடுக்கிட்டுத் திரும்பினார். கொப்பியை இழுத்துப் பார்த்தார். தான் எழுதியதை அப்போதுதான் அவரே வாசித்தார்.

"ஓம்," என்றார். "அது எங்கட மகள் றிம்ஸியா. வவுனியா போய்ச் சேருமட்டும் வெறுந் தண்ணியைக் குடுத்துத்தான் கொண்டுபோனனாங்கள்."

 வழிகாட்டிப் புத்தகம் இந்த இடத்தில் என்னை ஏதோ கேட்கச் சொல்லியிருந்தது. நான் புத்தகத்தை மூடி வைத்தேன். இவ்வளவு நாளும் தூங்கி வழிந்துகொண்டு இந்த வேலையைச் செய்தேனே என்று வெட்கமாக இருந்தது.

வீரபாகு பேனையைத் தொடவில்லை.

"வீட்டை எடுங்க, நானா. ஒரு மாசம் மட்டும் தாங்க. நாங்க போயிடுறம்."

பதின்மூன்று வருடமாக மஹ்றூப் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. அவர் முகத்தில் சந்தோசத்தைத் தேடினேன், ஒரு சொட்டுக்கூட இல்லை.

"எங்க போவீங்கள்?" என்று கேட்டார்.

வீரபாகு சிரித்தார். களைத்துப்போன மனிதனின் சிரிப்பு.

"அதை நீங்களே எழுதுங்க. இப்ப நீங்கதானே நான்."

மஹ்றூப் கொப்பியை எடுத்தார். 'நான்' என்று எழுதினார். மேலே போக முடியவில்லை. பூநகரி என்று எழுதலாம், வவுனியா என்று எழுதலாம், எந்த ஊரை எழுதினாலும் யார் கேட்கப்போகிறார்கள்? நெற்றியைத் துடைத்தார். பேனையை வைத்தார், எடுத்தார். கொழும்புக்கு அனுப்பவேண்டிய படிவம் என் கையில் இருந்தது. 'பிணக்குத் தீர்ந்தது' என்ற கட்டத்தில் அடையாளம் போடலாம் என்று தெரிந்தும் போட மனம் வரவில்லை.

கடைசியில், ஒவ்வொரு சொல்லாக, அவர் எழுதி முடித்தார். இந்த முறை அவரே வாசித்தார்.

"நான் பின்வளவில் ஒரு கொட்டில் போடுகிறேன். மஹ்றூப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மறிக்கவில்லை. மரக்கப்பைத் தூக்கி நடும்போது மற்ற நுனியைப் பிடிக்கிறார்."