அம்மாவின் காறை எலும்பு

"எங்கம்மாவோட எலும்பைத் திருப்பிக் குடுங்க, மேடம்."

கேட்டுவிட்டேன். கேட்கவே கூடாது என்று என்னிடம் சொன்னவளே அம்மாதான். உடல்தானத்துக்குக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே சொன்னாள்: "குடுத்தா குடுத்ததுதான். அப்புறம் போய் அதைக் குடு, இதைக் குடுன்னு நின்னே, ஆவியா வந்து அறைவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நான் காலேஜ் வாசலை மிதிச்சதில்லடி. செத்தாவது உள்ளே போறேன். அதுவும் ஃபீஸ் கட்டாம."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்டவர் இல்லை. உடற்கூறியல் துறையில் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தவர் அவர்தான்.

"உக்காரும்மா. யாரு என்ன சொன்னாங்க உனக்கு?"

"யாரும் சொல்லல. நானே பார்த்தேன்."

அம்மா இந்தக் கட்டடத்தில்தான் எங்கோ இருக்கிறாள் என்பது வேலையில் சேர்ந்த அன்றே எனக்குத் தெரியும். ஒரு பெட்டியில், மொத்தமாக, ஓர் எண்ணோடு இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் விசாரிக்கவில்லை. சொல்பேச்சு கேட்கிற பெண்ணாகத்தான் இருந்தேன், நேற்று முதலாம் ஆண்டு வகுப்பில் எலும்புகள் அடுக்கிய அந்த ட்ரே என் மேசைக்கு வரும்வரை.

"மேடம், ஒட்டகம் இந்தத் தடவை நம்ம பேட்ச்சுக்கு வந்திருக்கு," என்றான் முன்வரிசையில் ஒருவன்.

"என்ன ஒட்டகம்?"

"இதுதான் மேடம். சீனியர்ஸ் வச்ச பேரு. வைவா எக்ஸாம்ல இது கையில வந்தா பாஸ் கன்ஃபார்மாம். பார்த்தாலே தெரிஞ்சிடுமாம்."

வலது காறை எலும்பு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே குறுக்காக ஓடுகிற எலும்பு. இது நடுவில் உடைந்து, உள்பாதி மேலேறி, வெளிப்பாதி கீழிறங்கி, ஒட்டகத் திமில் மாதிரி மேடாக, அப்படியே கோணலாக ஒட்டியிருந்தது. மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். என் ஆள்காட்டி விரல் என்னைக் கேட்காமலே அதில் போய் உட்கார்ந்தது. சின்ன வயதில் அந்தப் பள்ளத்தில் விரலை வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். "பஸ்ல கம்பியப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்கிறா பாரு," என்பாள் அம்மா.

"இவரு சண்டையில உடைச்சுக்கிட்டாரா மேடம்?"

வகுப்பு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாடம் நடத்தினேன். வேறு என்ன செய்ய? "கீழே விழுறப்ப கையை ஊனுவோம். அந்த அடி முன்கை, மேற்கை, தோள்னு ஏறி வந்து இங்கே முடியும். அதான் இது முதல்ல உடையுது."

"ஏன் மேடம் கோணலா ஒட்டிச்சு?"

"ஓய்வு எடுக்கல."

"ஏன் எடுக்கல?"

"லீவு போட்டா சம்பளம் இல்ல."

ஜோக் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். சலவைக்கூடத்தின் படிக்கட்டில், தோளில் ஈரத்துணி மூட்டையோடு விழுந்தவள் அம்மா. தோளை அசைக்காதே என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார். அந்த வாரமே கட்டை அவிழ்த்துவிட்டு, மூட்டையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்ததும் எலும்பறைக்குப் போய், அம்மாவின் மற்ற எலும்புகள் எங்கே என்று கேட்டேன். அங்கே வேலை செய்கிற அண்ணன் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"நம்பர் எழுதி, அது மேல நெயில் பாலிஷ் பூசிட்டுத்தான் ப்ளீச்ல போடணும்மா. உங்கம்மா வந்த வருஷம் பூசாமலே போட்டுட்டோம். வெளியே எடுத்தா நம்பரெல்லாம் போயிடுச்சு. எல்லாரும் பளிச்சுன்னு ஒரே மாதிரி இருக்காங்க. அதான் வகை வகையா பிரிச்சு அடுக்கிட்டோம்."

காறை எலும்புகளுக்கு ஓர் இழுப்பறை, தோள்பட்டைக்கு ஒன்று, கைகளுக்கு ஒன்று. நான் உட்கார்ந்து பொருத்திப் பார்த்தேன். அதற்குத்தானே படித்தேன். காறையின் வெளிமுனைக்குச் சுமாராகச் சேருகிற தோள்பட்டைகள் சில கிடைத்தன. ஆனால் தோளின் குழி ஆழமில்லாதது. கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டும் என்பதற்காக அப்படி. யாருடைய கையெலும்பைக் கொண்டுபோய் வைத்தாலும் உட்கார்ந்துகொள்கிறது. முழங்கை அப்படி இல்லை. மேற்கை கிடைத்தால் அதற்குரிய முன்கையைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த மேற்கைதான் கிடைக்கவில்லை. எனக்குச் சோறு ஊட்டிய கை தோளோடு தொலைந்துபோனது.

கடைசியாக இடுப்பெலும்பு அலமாரி. இரண்டு இடுப்பெலும்புகளும் நடுவிலிருக்கிற முக்கோண எலும்போடு கச்சிதமாகக் கவ்வும். ஒருவருடையது இன்னொருவருக்குச் சேராது. அப்படி ஒவ்வொரு ஜோடியையும் சேர்த்துவிட முடியும். சேர்த்து என்ன பயன்? காறை எலும்பிலிருந்து இடுப்புக்குப் போக வழியில்லை. அகலமான பெண் இடுப்புகள் வரிசையாக இருந்தன. அதில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் நான் வெளியே வந்தேன். எது என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் விளக்கை அணைக்காமல் வெளியே போய் நின்றார்.

இதையெல்லாம் மேடத்திடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நடந்தது தப்புதான்மா. நான் இல்லேங்கல. ஆனா எதை எடுத்து உன்கிட்ட குடுக்கச் சொல்றே?"

"காறை எலும்பைக் குடுங்க. அது அவதான்."

"அடுத்த வாரம் யூனிவர்சிட்டி எக்ஸாம். கோணலா ஒட்டினதுல அவ்வளவு நல்ல ஸ்பெசிமன் நம்மகிட்ட வேற இல்ல. முடியட்டும், அப்புறம் பேசலாம்."

"அது ஸ்பெசிமன் இல்ல மேடம். லீவு கிடைக்காததால அப்படி ஆச்சு."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக, "பிள்ளைங்க படிக்கணும்னுதானே உங்கம்மா குடுத்தாங்க?" என்றார்.

அது உண்மைதான். அம்மா இங்கே இருந்திருந்தால் மேடத்தின் பக்கம்தான் நின்றிருப்பாள். மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

"படிக்கட்டும் மேடம். அவ முழுசா குடுத்தா. நீங்க முழுசா வச்சிருந்தா நான் வந்து நின்னிருக்கவே மாட்டேன். இப்ப எங்கம்மா எங்கேன்னு கேட்டா, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"உணர்ச்சிவசப்படாதே. போய்க் கிளாஸைப் பாரு. ரெண்டாவது பேட்ச் காத்திருக்கு."

"அவங்களுக்கு வேற ஆளை அனுப்புங்க. இனிமே நான் வரமாட்டேன்."

எழுந்தேன். கைப்பையைத் தோளில் மாட்டி, உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மேடம் தன் கையால் கொடுத்து, நான் வாங்கிப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் கேட்டேன். மற்றபடி அந்த எலும்பு காலையிலேயே என் துப்பட்டாவில் சுற்றிப் பைக்குள் இருந்தது.

வராந்தாவில் எலும்பறை அண்ணன் எதிரே வந்தார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிளம்பிட்டியாம்மா?"

"ஆமாண்ணே."

அவர் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். நான் வெயிலில் இறங்கி நடந்தேன்.