கை விடும்போது

அம்மாவின் துணிமணிகளை மூட்டை கட்டி முடித்த பிறகு, தங்கை கடைசியாக அந்தப் பொத்தானைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் அண்ணனுக்கு முன்னால் வைத்தாள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி, நடுவில் சிவப்புப் பொத்தான், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. அவனே செய்து கொடுத்தது. அம்மா நடமாடச் சிரமப்பட ஆரம்பித்தபோது, அவள் தங்கியிருந்த இந்தத் தங்கை வீட்டுச் சமையலறையில் ஒரு மணியைப் பொருத்திவிட்டு, அம்மாவின் கழுத்தில் இதை மாட்டினான். இங்கே அழுத்தினால் அங்கே மணி அடிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

"வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துடு அண்ணா," என்றாள் தங்கை.

சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் உட்காராமல், நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. சாமான் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அவனுக்கு மனிதர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

அவன் பிழைப்பே இந்த மாதிரிச் சாமான்களைத் தூங்க வைப்பதுதான். கடைகளுக்கான பெரிய குளிர்பெட்டிகள் செய்யும் கம்பெனியில் வேலை. பெட்டிக்கதவு திறந்தால் கத்துவதற்கென்று ஒரு சின்னக் கருவி, அதற்குள் விரல் நகம் அளவில் ஒரு சிப். அது எந்நேரமும் விழித்திருந்தால் பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும். அதனால் வேலை இல்லாதபோது தூங்கிவிடும்படி ப்ரோகிராம் எழுதுவான். கணக்கு, கடிகாரம், நினைவு எல்லாவற்றையும் மூடிவிட்டு, வெளியே நீட்டியிருக்கும் கம்பிக்கால்களில் ஒரே ஒரு காலில் மட்டும் காதை வைத்துக்கொண்டு அது தூங்கும். அந்தக் காலில் வெளியிலிருந்து ஒரு சிக்னல் தட்டினால் துள்ளி எழுந்துவிடும். "தூங்குறதுக்குச் சம்பளம் குடுக்குற கம்பெனியை என் புள்ளைக்குன்னே தொறந்து வச்சிருக்காங்க," என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள் அம்மா. அவனுக்கு அவள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

பொத்தானை அழுத்தினான். சமையலறையில் மணி கணீரென்று அடித்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

தங்கையின் முகம் விழுந்துவிட்டது. கெட்டுப்போயிருக்கிறது என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அத்தனை நேரம் நின்றுகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது.

"அப்போ அம்மாதான் அழுத்தல," என்றாள்.

அம்மா இறந்த அன்றைக்குக் காலையிலிருந்து மணி ஓயவில்லை. தண்ணீர், ஜன்னல், போர்வை, அப்புறம் ஒன்றுமில்லை, சும்மாதான் கூப்பிட்டேன். அறை வாசலில் நின்று தங்கை கத்திவிட்டாள். "சும்மா சும்மா அழுத்தாதம்மா! நான் என்ன பத்து கையோடவா பொறந்திருக்கேன்?" அதற்கப்புறம் மணி அடிக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அந்த அப்பாடாவைத்தான் இப்போது அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மதியம் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போனபோது, அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

"என்மேல ரோஷம் அண்ணா. சாகும்போதுகூட என்னைக் கூப்பிட மனசு வரல."

"பைத்தியம் மாதிரிப் பேசாத. விழுந்ததுல பொத்தான் எங்கயாவது போயிருக்கும். கைக்கு எட்டியிருக்காது."

"கையிலதான் இருந்துச்சு." அவள் தன் வலது கையை மூடிக் காட்டினாள், கட்டைவிரல் உள்ளே அழுந்தியிருக்க. "இப்படி இறுக்கிப் புடிச்சிருந்தாங்க. என்னால விரலைப் பிரிக்கவே முடியல. கீழ் வீட்டுக்காரர் வந்துதான் ஒவ்வொண்ணாப் பிரிச்சார். அப்போ அடிச்சுது பாரு, இந்தச் சனியன்! எங்க கைதான் பட்டிருக்கும்னு நெனச்சேன்."

அவன் பொத்தானை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

குளிர்பெட்டியின் கதவு மூடியிருக்கும்வரை அது ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும். கதவு திறக்கும்போது பொத்தான் விடுபடும். அப்போதுதான் சிப் எழவேண்டும். அம்மாவுக்கு இதைச் செய்தபோது, புதிதாக எழுதுவானேன் என்று அந்த ப்ரோகிராமையே எடுத்துப் போட்டான். மணியின் சத்தத்தை மாற்றினான், வேறு என்னென்னவோ மாற்றினான். பொத்தான் விடுபடும்போதுதான் எழவேண்டும் என்ற ஒரு வரி மட்டும் அப்படியே தங்கிவிட்டது. யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பொத்தானை அழுத்துகிறவர்கள் எல்லோரும் உடனே விட்டுவிடுகிறார்கள். அழுத்தியதற்கு அடித்ததா, விட்டதற்கு அடித்ததா என்று எந்தக் காதுக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. விடாமல் பிடித்துக்கொள்கிற ஒரு கை வரும் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை.

மேசைக்கடியில் பொத்தானை மறுபடி அழுத்தினான். அழுத்தியபடியே பிடித்துக்கொண்டான்.

சமையலறையில் சத்தமில்லை. தங்கை ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், போர்வையை யாருக்குக் கொடுப்பது என்று. இப்படியே பிடித்துக்கொண்டு, மணிக்குச் சிக்னல் எட்டாத தூரத்துக்குப் போய்விட்டால் போதும், இவளுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அம்மாவுக்கு மணி செய்து கொடுத்த நல்ல பிள்ளையாகவே அவன் இருந்துவிடலாம். இவள் அம்மாவின் ரோஷத்தைச் சுமந்துகொண்டு காலம் தள்ளுவாள். கட்டைவிரல் வலித்தது.

விரலை எடுத்தான். மணி அடித்தது. தங்கை தூக்கிவாரிப்போடத் திரும்பினாள்.

"போர்வையைப் பத்தி நீ பேச ஆரம்பிக்கும்போதே அழுத்திட்டேன்," என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "அப்போ அடிக்கல. இப்போ விட்டப்புறம்தான் அடிக்குது. தப்பு என்னுதும்மா. நான் தப்பா எழுதிட்டேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் கையை மூடினாள், திறந்தாள்.

"அப்போ அம்மா கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"என்னையா?"

"வேற யாரை?"

அவள் சிரித்துவிட்டாள். கண்ணீர் வழிய வழிய, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ரோஷமில்ல... என்மேல ரோஷமில்ல..." அவள் தன்னை அறைவாள், திட்டித் தீர்ப்பாள் என்று காத்திருந்தான். அவன் செய்த தப்பு அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அறைந்திருந்தால் அவனுக்குத் தேவலை.

பிறகு சிரிப்பு நின்றது.

"எவ்வளவு நேரம் அண்ணா?"

"என்னது?"

"எவ்வளவு நேரம் அப்படி அழுத்திப் புடிச்சிருந்தாங்க? இதுல பதிஞ்சிருக்கும்ல?"

"இல்லம்மா," என்றான். "அது தூங்கிட்டு இருந்துச்சு."

அவள் சமையலறைக்குள் போனாள். பாத்திரங்களைப் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து சமையலறை வாசலில் போய் நின்றான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எதையும் கழுவவில்லை, அம்மாவின் அறைப் பக்கமாகத் தலையைச் சாய்த்து நின்றிருந்தாள். திடீரென்று குழாயை மூடினாள்.

"இதோ வந்துட்டேம்மா," என்றாள். ஈரக் கையை இடுப்பில் துடைத்தபடி அண்ணனை ஒதுக்கித் தள்ளிவிட்டு, கிட்டத்தட்ட ஓடியே, மெத்தை சுருட்டி வைத்திருந்த அந்த அறைக்குள் போனாள்.