மணிக்கூண்டின் வரலாறு, ஆறாவது பிரதி

ஆறாவது முறையாகத் திருத்தி வந்த தாளைப் பார்த்ததும் காப்பாட்சியருக்கு அழுகை வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

நகரத்து மணிக்கூண்டின் அடித்தளத்தில் இருக்கிறது அந்த அருங்காட்சியகம். அதன் வாசல் பலகைக்காக, மணிக்கூண்டின் வரலாற்றை இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். அதற்கு ஒப்புதல் தர வேண்டிய குழுவில் ஏழு பேர். ஆளுக்கொரு திருத்தம் சொல்லாவிட்டால் கூட்டத்துக்கு வந்ததாகவே அவர்களுக்குத் தோன்றாது. ஒருவர் கட்டியவர் பெயருக்கு முன்னால் 'மாமேதை' சேர்த்தார்; அடுத்தவர் அதை எடுத்தார்; அந்த இழுபறியில் கட்டியவரே காணாமல் போனார்.

அவள் காப்பாற்ற நினைத்தது ஒரே வரியை. கட்டும்போது சாரம் சரிந்து பதினொரு பேர் இறந்தார்கள். மூன்று வருடம் பழைய ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தேடிய வரி. இப்போது அதன்மேல் சிவப்புக் கோடு.

குழுத் தலைவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"சார், அந்த வரி..."

"அம்மா, குடும்பத்தோட சுத்திப் பாக்க வர்றாங்க. வாசல்லயே சாவுச் செய்தியா?"

"நடந்தது சார்."

"நடந்தது ஆயிரம் இருக்கும்மா. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு."

வைத்துவிட்டார். அவள் தாளை மேஜைமேல் போட்டாள். எதிரே கிடங்குக்காரர். ஓயாமல் தும்முவதால் எல்லாருக்கும் தூசி அண்ணன். அவர் தாளை எடுத்துப் படித்தார்.

"கழுதை தேஞ்சு கட்டெறும்பாயிடுச்சேம்மா."

"அந்தக் கட்டெறும்பையும் நசுக்கிட்டாங்கண்ணே."

தும்மினார். "பலகைக்குத்தானே குழு? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிற பொருளுக்குச் சீட்டு எழுதறப்ப நம்மள எவன் கேட்டான்?"

யாரும் கேட்டதில்லை. ஏழு பேரில் ஒருவர்கூடக் குனிந்து ஒரு சீட்டைப் படித்ததும் இல்லை.

"பொருளுக்கு எங்கண்ணே போறது?"

"அறுந்துபோன சாரக்கயிறு ஒரு துண்டு கிடக்கு. குப்பைன்னு ரெண்டு தடவ தூக்கிப் போடச் சொன்னாங்க. கிடங்குப் பதிவேட்டுல நம்பர் இருக்கே, எப்படிப் போடறது?"

"மூணு வருஷமாத் தேடறேன். ஏண்ணே சொல்லல?"

"நீங்க காகிதம்தானேம்மா கேட்டீங்க."

யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலையே கயிற்றைப் பெட்டியில் வைத்துவிட்டு, சீட்டு எழுத உட்கார்ந்தாள். 'இது அறுந்த அன்று இறந்தவர்கள்' என்று தொடங்கி, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் கிடைத்த எட்டுப் பெயர்களையும் எழுதினாள். அதன் கீழே, 'பெயர் தெரியவில்லை.' அடுத்த வரியிலும் அதுவே. அதற்கடுத்த வரியிலும்.

"சீட்டுல இடமில்லம்மா," என்றார் தூசி அண்ணன். "ஒரு தடவ எழுதினாப் போதாதா?"

"மூணு பேருண்ணே."