வாலபியின் மேல் ஒரு பெருக்கல் குறி

கெய்லீன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கையுறையைத் தேடிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அப்பாவின் மூச்சு மாறிவிட்டது, சீக்கிரம் வந்தால் நல்லது என்றாள் நர்ஸ். சாலையோரத்தில், கங்காரு இனத்துச் சிறிய விலங்கான வாலபி ஒன்று, பெட்டை, அடிபட்டுக் கிடந்தது. அதன் ரோமத்தில் உறைபனி படிந்திருந்தது.

அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அப்பா சாகக் கிடக்கும்போது யார் குற்றம் சொல்வார்கள்? ஆனால் அந்த நேரம் பார்த்துத்தானா வளைவில் ஊர்க்காரி பெரிலின் பச்சை வண்டி வரவேண்டும். நெவிலின் மகளே செத்த வாலபியைப் பார்க்காமல் நழுவினாள் என்று நாலு பேர் பேசுவதற்கு, டாஸ்மேனியாவின் தென்கோடியில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அரை நாள் போதும். கெய்லீன் ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவைக் குலுக்கி, வாலபியின் விலாவில் இளஞ்சிவப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். பெரில் வேகத்தைக் குறைத்தாள், குறியைப் பார்த்தாள், கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று அவ்வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சொல்லிக்கொடுத்தவர் நெவில்தான். மாதத்தின் முதல் புதன்கிழமை ஊர் மண்டபத்தில் காட்டு உயிர்களைப் பற்றி அவர் பேச்சு. முப்பத்தோரு வருஷம். ஆந்தையில் தொடங்கினாலும் பிளாட்டிபஸில் தொடங்கினாலும் கடைசியில் பெயின்ட் டப்பாவில்தான் வந்து நிற்பார். ஜோக் சொல்லத் தெரியாத மனிதர், சொல்லியே தீருவார், கெய்லீன் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொள்வாள். டப்பாவைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் அவர் குரல் மாறிவிடும்.

"தாய் செத்தாலும் பைக்குள்ள குட்டி உயிரோட இருக்கும். சில சமயம் மறுநாள் வரைக்கும்கூட. கைய விட்டுப் பாருங்க. பார்த்தப்புறம் குறி போடுங்க. பின்னாடி வர்றவங்க அத நம்பித்தான் நிக்காமப் போறாங்க. இது பெயின்ட் இல்லங்க, வாக்கு."

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நினைவு இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டைவிரலில் இருந்த இளஞ்சிவப்பை வெகுநேரம் பார்த்தார்.

"வழியில நின்னியா?"

"நின்னேன்பா."

"குட்டி இருந்துதா?"

"இல்லப்பா. காலி."

"நல்லது," என்று கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பேசவில்லை. பத்தரை மணிக்குப் போய்விட்டார்.

நர்ஸ் கொண்டுவந்த தேநீரை அவளால் குடிக்க முடியவில்லை. அழுகை வந்தது, ஆனால் அது அப்பாவுக்காகத்தானா என்று அவளுக்கே நிச்சயமில்லை. கையெழுத்துப் போடவேண்டிய இடங்களிலெல்லாம் போட்டுவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு அதே இடத்தில் வந்து நின்றாள். கையுறை போடாமலே பைக்குள் கையை விட்டாள்.

இருந்தது. அப்போதுதான் ரோமம் அரும்ப ஆரம்பித்த குட்டி, வாய் இன்னும் காம்பைவிட்டு அகலவில்லை. உடம்பில் துளிச் சூடு இல்லை. காலையில் இருந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது. குறி இல்லாவிட்டால் பெரில் காலையில் நின்றிருப்பாள், அது மட்டும் நிச்சயம். அனாதைக் குட்டிகளுக்கென்றே அவள் வீட்டுச் சமையலறையில் கம்பளிப் பைகள் வரிசையாகத் தொங்கும். நான் போட்ட குறிதான் அவளைப் போக வைத்தது என்று நினைக்கையில் கெய்லீனுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. வேலியோரம் மண்ணைத் தோண்டிக் குட்டியைப் புதைத்தாள்.

இறுதிச் சடங்கு முதல் புதன்கிழமையில் வந்து அமைந்தது, அதே மண்டபத்தில். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மேஜைமேல் அவருடைய தொப்பியும் பெயின்ட் டப்பாவும். பேச எழுந்த பெரில் நெவிலைப் பற்றி இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு மகளிடம் வந்துவிட்டாள்.

"அப்பனுக்கு உயிர் போயிட்டிருக்கு. இந்தப் பொண்ணு அப்பவும் இறங்கி நின்னு பார்த்துட்டுத்தான் போச்சு. என் கண்ணால பார்த்தேன்."

மண்டபமே கெய்லீனைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்தவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். சும்மா இருந்திருந்தால் அந்தப் பெயர் காலத்துக்கும் நின்றிருக்கும். அவள் எழுதி வைத்திருந்த தாளோடு மைக் முன்னால் போனாள், ஆனால் தாளைப் பிரிக்கவில்லை.

"நான் பார்க்கல," என்றாள். "குறி மட்டும் போட்டேன். பெரில் வர்றாங்களேன்னு போட்டேன். மதியம் திரும்பிப் போய்ப் பார்த்தேன், உள்ள குட்டி இருந்துச்சு. அப்பாகிட்டயும் காலின்னு சொல்லிட்டேன்."

பின்னால் தேநீர்ப் பாத்திரம் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"மதியம் போனப்ப எப்படி இருந்துது?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள் பெரில்.

"ஜில்லுனு இருந்துது."

பெரில் தலையை ஆட்டினாள். அடக்கம் முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து சாண்ட்விச் சாப்பிட்டாள், கெய்லீனுக்கும் ஒரு தட்டு நீட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வீடு திரும்புகையில் இரண்டு பேருக்கும் ஒரே சாலை. பெரிலின் பச்சை வண்டி முன்னால் போனது. பாலம் தாண்டியதும் அது ஓரமாக நின்றது. அங்கே ஒரு வாலபி கிடந்தது. அதன்மேல் வேறு யாரோ போட்ட இளஞ்சிவப்புக் குறி பளிச்சென்று தெரிந்தது. பெரில் சாவுக்குப் போட்டுவந்த கறுப்புப் பாவாடையோடு மண்டியிட்டு, பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

கெய்லீன் முந்திப் போகவில்லை, பின்னாலேயே மெதுவாகப் போனாள். அடுத்த வளைவில் இன்னொரு வாலபி கிடந்தது, அதன்மேலும் குறி இருந்தது. பச்சை வண்டி மறுபடியும் நின்றது.