ஹீலியத்துக்கும் ஒரு பம்ப்

எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் நான் பர்மனென்ட், என் அம்மா செங்கமலம் பர்மனென்ட், பின்பக்கத்துப் பலாமரம்கூட பர்மனென்ட். இளவேனில் மட்டும்தான் கான்ட்ராக்ட் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. இளவேனில் என் மனைவி. ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிகமாக இயற்பியல் நடத்திவந்தாள். அந்தக் கிண்டலுக்கு முதல் இரண்டு வருடம் உண்மையாகவே சிரித்தாள்.

இந்த வருடம் சேத்தியாத்தோப்புப் பக்கம் இன்னொரு கல்லூரியில் நிரந்தர இடம் ஒன்று காலியானது. தேர்வுக் குழுவின் முன் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். குழுவில் நிர்வாகத்தின் சார்பில் பழனிசாமி என்பவர் இருந்தார். சுரங்கத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் புரியும்படி நடத்தினால்தான் வேலை.

அவள் எடுத்துக்கொண்ட பாடம் மீப்பாய்மம். ஹீலியத்தைக் குளிர்வித்தால் திரவமாகும். இன்னும் குளிர்வித்து, பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய இருநூற்று எழுபத்தொரு டிகிரிக்குக் கொண்டுபோனால் அதன் குணமே மாறிவிடுமாம்; அந்த நிலைக்குத்தான் இந்தப் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் அம்மாவையும் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். டீப்பாயின் மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, இதற்குள் அந்தத் திரவம் இருந்தால் யாரும் தொடாமலே சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி, வெளியே இறங்கிவிடும் என்றாள். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ்ளோதானா?" என்றேன். "எங்க சுரங்கத்துலயும் தண்ணி தானாத்தான் மேல வருது. அத ஏறவுடாம இறைச்சுக்கினு இருக்கத்தான் எனக்குச் சம்பளம்."

நான் பம்ப் ஆபரேட்டர். நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் எந்நேரமும் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும். இரவு பகலாக இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். நெய்வேலியில் இது குழந்தைக்கும் தெரியும்.

சுட்ட மண்ணின் நுண்ணிய துளைகள் வழியாகவும் அந்த ஹீலியம் ஓடிவிடும் என்று அடுத்த அதிசயத்தை எடுத்தாள்.

"பானைன்னா கசியாதா?" என்றாள் அம்மா. "நல்ல பானையா பாத்து வாங்கச் சொல்லும்மா."

இளவேனில் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிட அதிகம் பேசின. பின்னாலேயே போய் நின்றேன்.

"பழனிசாமி சாரும் இதத்தான் கேப்பாருங்க," என்றாள். அப்போதுதான் எனக்கும் சிரிப்பு போனது.

கரண்டியை ஆட்டி ஆட்டி அவள் விளக்கியது இது. சுரங்கத் தண்ணீரை அழுத்தம் தள்ளுகிறது. அழுத்தத்தைக் குறைத்தால் ஏறாது. ஹீலியத்தைக் கீழிருந்து தள்ளுகிறவர் யாருமில்லை. எந்தத் திரவமும் சுவரில் மெல்லிய படலமாக ஒட்டும். உள்ளுக்குள் இருக்கும் உராய்வு அதைப் பிடித்து நிறுத்திவிடும். இந்த ஹீலியத்தில் அந்த உராய்வே இல்லாமல் போகிறது. பானைத் தண்ணீர் வியர்வை மாதிரிக் கசியும். இது திறந்த கதவில் நுழைவது மாதிரிப் போய்விடும்.

"இத ஏன் அங்கயே சொல்லல?"

"நீங்க வாயப் பொளப்பீங்க, அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

சரி, அவ்வளவு குளிருக்கு எப்படிக் கொண்டுபோவார்கள் என்று கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு முணுமுணுத்தாள்: மேலே நிற்கும் ஆவியை பம்ப் வைத்து இழுத்துக்கொண்டே இருப்பார்களாம்.

"அப்போ பம்ப் இருக்குது," என்றேன். அன்றைக்கு அதற்குமேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

அப்படி இழுக்க இழுக்க ஹீலியம் கொதித்துக் குமுறுமாம். குறிப்பிட்ட அந்த டிகிரியைத் தொட்டதும் ஒரு குமிழிகூட இல்லாமல் அடங்கிவிடுமாம். சுவர் ஏறுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் கொதிப்பு. சாம்பாரில் உப்பு, என் சட்டையில் பொத்தான், எதிர்வீட்டு டிவி, எதுவும் தப்பவில்லை. தேர்வு நாள் காலையில் மட்டும் சத்தமே இல்லை. புடவையைக் கட்டிக்கொண்டு அமைதியாக வந்து நின்றாள்.

"என்னடா, சத்தத்தையே காணும்?" என்று அம்மா என் காதில் கேட்டாள்.

"இருநூத்தி எழுபத்தொண்ணத் தொட்டுட்டாம்மா."

கல்லூரி வாசலில் நான் காத்திருந்தேன். உள்ளே நடந்ததைத் திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள். எடுத்த எடுப்பிலேயே சுரங்கத் தண்ணீரைத்தான் பேசினாளாம்: அது ஏறுகிறது, ஏனென்றால் தள்ள ஆள் இருக்கிறது; ஹீலியம் ஏறுகிறது, ஏனென்றால் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்த பழனிசாமி அப்படியே மூடிக்கொண்டாராம். கடைசியில், குளிரவைக்கப் பம்ப் உண்டா என்று மட்டும் கேட்டாராம். உண்டு என்றதும் அவர் முகத்தில் வந்த திருப்தியை ஏற்கெனவே எங்கோ பார்த்த மாதிரி இருந்ததாம்.

அடுத்த வாரம் நியமன உத்தரவு வந்தது. டீப்பாயில் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் அந்த டம்ளரை வைத்தாள். அம்மா பலாமரத்தடிக்குப் போய் எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் வழக்கம்போல ஏதாவது கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தேன். கைவசம் இருந்தது அந்தக் கான்ட்ராக்ட் கிண்டல் ஒன்றுதான். அதுவும் இனிமேல் செல்லாது.

இளவேனில் திறந்தபடி நின்ற என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பம்ப் ஓடலியா?" என்றாள்.