பதினேழாவது வரி

மலைமேல் அட்டுவம்பட்டியில் மூன்று அறை கட்டி சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் சிவராமன், வத்தலக்குண்டுக்குப் போய் இரண்டு நாள் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தான். சுயமேலாண்மையாம், தொழில் வளர்ச்சியாம். திரும்பி வந்தவன் ஆளே மாறியிருந்தான். எதற்கெடுத்தாலும் தாள். படுக்கை விரித்தாயிற்றா, டிக். கீசர் போட்டாயிற்றா, டிக். கீழே கையெழுத்து.

அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வீரம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். அம்மாவுக்கு அங்கே வேலைக்கு வந்த கணக்கில் தினமும் பேர் போட்டார்கள், நமக்கு இங்கே டிக் போடுகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

வம்பு பதினேழாவது வரியில் இருந்தது. 'விருந்தினர் சொல்லாமல் அறையிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது.'

கோழி சுடக் கொடுக்கும் கரியடுப்பைத் தங்க வருகிறவர்கள் குளிருக்கு இதமாக அறைக்குள் இழுத்து வைத்துக்கொள்வார்கள். யார் முறைத்தாலும் படுக்கப்போகும் முன் அதை வெளியே தூக்கி வந்துவிடுவது வீரம்மாவின் வழக்கம். போன மாதம் ஒரு புண்ணியவான், இங்கே வேலை செய்யும் அம்மாவுக்கு மரியாதை தெரியவில்லை என்று இணையத்தில் எழுதி ஒரே ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போனான். அதற்குத்தான் இந்த வரி.

"அடுப்ப மட்டும் எடுத்துருவேன் சார். கரிப்பொக ஆளத் தின்னுரும்."

"வீரம்மாக்கா, கஸ்டமர்கிட்ட இல்லன்னு சொல்லவே கூடாதுன்னு வகுப்புல படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. இன்னொரு ஸ்டார் கொறஞ்சா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

பின்பக்கத்து அறையில் அவன் தயவில் குடியிருக்கிறவள் அதற்கு மேல் என்ன வாதாடுவாள்?

தை மாதக் குளிரில் ஈரோட்டிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி வந்தார்கள். ராத்திரி எட்டரை மணிக்கு வீரம்மா கதவைத் தட்டினாள். அந்தப் பெண் அடுப்புக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, ப்ளீஸ், இது இங்கயே இருக்கட்டும். கை வெறைச்சுப்போச்சு."

"அப்ப சன்னலயாச்சும் தெறந்து வையி தாயி."

"சரி ஆன்ட்டி" என்று சிரித்தாள். கதவு சாத்திக்கொண்டது. வீரம்மா சற்று நேரம் வெளியிலேயே நின்றாள். மறுபடி தட்டக் கை தூக்கினாள். தட்டவில்லை. போய்ப் பதினேழாவது வரியில் டிக் போட்டுக் கையெழுத்தும் வைத்தாள்.

காலையில் காபியோடு போய்த் தட்டினாள். பதில் இல்லை. சிவராமன் வந்து கதவை உடைத்தான். சன்னல் சாத்தியிருந்தது, இடுக்கில் துண்டை வேறு திணித்திருந்தார்கள். இருவர் உடம்பும் சில்லிட்டுக் கிடந்தது. பாவிப்பயலுக்கு அப்போதும் தாள்தான் ஞாபகம் வந்தது. போலீசுக்குப் போன் போட்ட கையோடு நேற்றைய தேதி போட்ட புதுத் தாளில் ஒரு வரி சேர்த்தான்: 'கரியடுப்பை எடுத்து வெளியே வைத்தேன்.'

"இதுல டிக் போடுங்கக்கா. நாம வெளிய வச்சோம், அவங்களே திரும்ப உள்ள தூக்கிட்டுப் போயிட்டாங்க. அம்புட்டுத்தான். உங்களுக்கும் நல்லது. வெரசா போடுங்க."

வீரம்மா பேனாவை வாங்கினாள். அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் மலையேறி வந்துகொண்டிருப்பார்கள். உங்கள் மகள் தானே தேடிக்கொண்ட சாவு என்று அவர்களிடம் சொல்வார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து தாளைக் கேட்டபோது புது வரி டிக் இல்லாமல் இருந்தது.

"அடுப்ப யாரும்மா எடுத்து வைக்கணும்?"

"நான்தாங்க. எடுக்கலேன்னா செத்துப்போவாங்கன்னு எனக்குத் தெரியும். பதினஞ்சு வருசமா எடுத்திருக்கேன். நேத்துத்தான் எடுக்கல."