குடைக்காரருக்கு ஒரு முடிவு

அந்த வீட்டில் மூன்று பேர் குடியிருந்தார்கள். கணவர், மனைவி, குடைக்காரர். மூன்றாமவருக்குச் சோறு போட வேண்டியதில்லை என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் வீட்டு ஆள்தான். சந்தையில் வெங்காயத்தைப் புரட்டிப் பார்க்கும்போது கணவர், "நம்ம குடைக்காரர் இதைத் தொடக்கூட மாட்டார்" என்பார். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தால் குடைக்காரர் மொய் எழுதுவாரா மாட்டாரா என்று இருவரும் சாப்பிடும் நேரம் முழுக்க வாதாடுவார்கள். வெளியாள் கேட்டால் இவர்களுக்குக் கொஞ்சம் மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைப்பார்.

குடைக்காரர் அவள் எழுதிக்கொண்டிருந்த நாவலின் நாயகன். பேருந்து நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களைப் பத்திரப்படுத்தும் அறையில் அவருக்கு வேலை. யாரும் தேடி வராத குடைகளை அவ்வப்போது விரித்துக் காயவைத்து, மடித்து அடுக்கிவைக்கிற மனிதர். கொஞ்சம் கூச்சம், நிறைய நாணயம். தொலைத்த கைப்பை கிடைத்த பிறகும் அந்த அறைக்கு ஏதாவது சாக்குச் சொல்லி வந்துகொண்டேயிருக்கும் ஓர் ஆசிரியைமேல் அவருக்குப் பிரியம். கல்யாணமான புதிதில் அவள் தொடங்கிய கதை அது. இப்போது மகள் வெளியூர் விடுதியில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறாள். கதை இன்னும் முடிந்தபாடில்லை.

அவள் வேலை செய்தது பல் செட் செய்துகொடுக்கும் கூடத்தில். அங்கே அவள் கறாரானவள். மெழுகில் பல்லை நட்டு, மேல் அச்சையும் கீழ் அச்சையும் நீலத்தாளைக் கடிக்கவைத்துப் பார்த்து, நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் ராவி எடுப்பாள். எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. அதற்குமேல் ராவினால் கடிக்க ஒன்றும் மிஞ்சாது. நாவல் விஷயத்தில் மட்டும் அந்த அறிவு எங்கே போனதென்று அவளுக்கே விளங்கவில்லை.

எழுத்துக்கு அவள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தாள். வேலை நாள்களில் காலையில் அடுக்களை மேஜையில் உட்கார்ந்து புதுக்கதை. ஞாயிற்றுக்கிழமை பழைய நாவலைத் திருத்துவது. புதிதையே எழுதிக்கொண்டிருந்தால் பழசு கோபித்துக்கொள்ளும், பழசையே நோண்டிக்கொண்டிருந்தால் கை துருப்பிடித்துவிடும், ஆகையால் இரண்டையும் சமமாகப் பார்க்க வேண்டும் என்று மகளிடம்கூட விளக்கியிருக்கிறாள், ஏதோ இரண்டு பிள்ளை பெற்றவள்போல. நடந்தது வேறு. புதுக்கதைகள் சமர்த்தாக வளர்ந்து பத்திரிகைகளுக்குப் போய் அச்சாகி வந்தன. நாவல் மட்டும் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட் மாதிரி தொங்கியது.

லிஃப்ட் என்றதும் கணவரைச் சொல்லியாக வேண்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்து மேஜைமேல் போர்வையை விரித்து, வாரம் முழுவதற்குமான சட்டைகளை இஸ்திரி போடுவது அவர் வழக்கம். அப்போது அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, திருத்திய அத்தியாயத்தை வாசித்துக்காட்டுவாள். அவராகப் புத்தகத்தைத் தொடமாட்டார். தானாகப் படித்தால் எழுத்து ஊர்கிறது, அவள் வாசித்தால் ஆளே எதிரில் வந்து நிற்கிறார் என்பது அவர் கட்சி. கேட்டு முடித்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குறை சொல்வார். குறை எப்போதும் தொடக்கத்தில்தான் இருக்கும். "ரைட்டரம்மா, ஆரம்பம் சரியா உக்காரலையே" என்பார். அவளும் மறு ஞாயிறு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போவாள். மற்றவர்கள் சொன்னால் சிலிர்த்துக்கொள்கிறவள், அவர் சொன்னால் மட்டும் மறுபேச்சுப் பேசமாட்டாள். இவ்வளவு கவனமாகக் கேட்கிற ஒருவர் எந்த எழுத்தாளருக்குக் கிடைப்பார் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

இப்படியே போயிருக்கும். பதிப்பகம் நடத்தும் அம்மாள் ஒருநாள் போன் செய்தார். அவள் சிறுகதைகளைப் புத்தகமாகப் போட்டவர் அவர்தான். உடம்பு ஒத்துழைக்கவில்லை, இந்த வருடத்தோடு கடையைக் கட்டப்போகிறேன் என்றார். கடைசியாக வரப்போகும் புத்தகங்களில் குடைக்காரரும் இருக்க வேண்டும் என்று ஆசையாம். மாதக் கடைசிக்குள் முழு நாவலும் கைக்கு வந்தால் உண்டு, இல்லையென்றால் வேறு யார் வாசலிலாவது போய் முதலிலிருந்து நிற்க வேண்டியதுதான். அப்புறம் அவர் ஒன்று கேட்டார். சிறுகதையெல்லாம் மளமளவென்று முடிக்கிறாயே, இதற்கு மட்டும் என்ன வந்தது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றார். அவள் ஏதோ சொல்லி மழுப்பினாள். கேள்வி மட்டும் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. சாவதற்குள் ஒரே ஒரு நாவலையாவது முடித்துக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பேராசை.

அந்த ஞாயிறு வழக்கம்போல் முதல் அத்தியாயத்தைத் திருத்தி வாசித்தாள். வெயிலில் குடைக்காரர் குடைகளைக் காயவைக்கும் காட்சி. கணவர் சட்டையின் ஒரு கையை இஸ்திரி போட்டு முடித்தார், பெட்டியை நிமிர்த்தினார், யோசித்தார். ஆரம்பத்திலேயே ஒரு மழை வைத்தால் நன்றாயிருக்கும் இல்லையா என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அந்த அத்தியாயத்தில் முன்பு மழை இருந்தது. அவள் எழுதியதிலேயே அவளுக்கு மிகப் பிடித்த மழை. குடையும் மழையும் சேர்ந்து வந்தால் சினிமா மாதிரி இருக்கிறது, எடுத்துவிடு என்று சொன்னவர் இதே மனிதர். அதை எடுத்த அன்று அவள் அடுக்களைக்குப் போய் அழுதிருக்கிறாள். இப்போது பதிப்பக அம்மாளின் கேள்விக்கு விடை தானாக வந்து விழுந்தது. புதுக்கதைகளை இவருக்கு வாசித்துக்காட்டியதில்லை. அவை முடிந்தன. நாவலை வாசித்துக்காட்டினாள். அது முடியவில்லை.

"மழையை எடுக்கச் சொன்னது யாரு?" என்றாள்.

அவர் முகம் சுண்டிப்போனது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் சட்டைக் காலரையே இரண்டு தடவை தேய்த்தார். பிறகு ஒரு சமாளிப்பும் இல்லாமல் ஒப்புக்கொண்டார். சும்மா சொன்னதுதான். பல தடவை சும்மாதான் சொன்னார்.

"முடிஞ்சா புஸ்தகம் ஆயிடும். எல்லாரும் படிச்சுக்குவாங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை எனக்கு யாரு வாசிப்பா?"

வேறு பெண்ணாக இருந்தால் அந்த இடத்தில் உருகியிருப்பாளோ என்னவோ. இவள் உருகவில்லை. தலைக்கு மேல் கோபம் ஏறியது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை முதல் அத்தியாயம். தன் ஆயுளில் ஒரு பகுதியை இந்த மனிதர் போர்வையோடு மடித்து வைத்துவிட்டார் என்று தோன்றியது. சத்தம் போடவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு மகளின் காலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த வாரம் பல் செட் கூடத்துக்கு விடுப்புச் சொன்னாள். புதுக்கதையைக் கிடப்பில் போட்டாள். மழையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். பிறகு எழுதினாள், எழுதினாள், அப்படி எழுதினாள். இத்தனை வருடம் நகராதது அந்த ஒரே வாரத்தில் ஓடியது. கோபம் நல்ல எரிபொருள் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். கணவர் சமைத்தார், கதவைத் தட்டித் தட்டை வைத்துவிட்டுப் போனார், எதுவும் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை தனக்கில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சனிக்கிழமை மாலை கடைசி வரியை எழுதிவிட்டாள்.

வாசித்துக்காட்டுவதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தாள். மனசு கேட்கவில்லை. முடித்துக்காட்டிவிட்டேன் பாருங்கள் என்று அவர் காதில் போட்டாக வேண்டுமே. மறுநாள் அவர் போர்வையை விரித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கடைசி அத்தியாயம் வாசிக்கப்போகிறேன், குறை நிறை ஒன்றும் சொல்லக்கூடாது என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டு வாசித்தாள். அதில் குடைக்காரர் ஒரு காலையில் அறையைப் பூட்டிச் சாவியை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு, ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வந்த பேருந்தில் ஏறிப் போய்விடுகிறார். பேருந்து வளைவில் மறைகிறது. முற்றும்.

கணவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அடுத்த சட்டையை எடுத்தார், விரித்தார், தேய்க்காமல் நின்றார்.

"என்ன, இங்கயும் மழை வேணுமா?"

"அனுப்பிடு. ஒண்ணும் சொல்லக்கூடாதுன்ன, சொல்லல."

"சொல்லுங்க."

அவர் சட்டையைக் கீழே வைத்தார். "குடைக்காரர் சொல்லாம போகமாட்டார். எனக்கு அவரை நல்லாத் தெரியும். என்மேல கோபம்னா என்னைத் திட்டு. அவரை எதுக்கு பஸ் ஏத்தி விடற?"

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். இத்தனை வருடம் ஏமாற்றியவர் பேச்சை இப்போது மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று தனக்குள் வாதாடினாள். இதுவும் ஒரு சாக்காக இருக்கலாம். இன்னும் ஒரு வருடம் இழுத்தடிக்கும் தந்திரமாக இருக்கலாம். மாதக் கடைசிக்கு நான்கே நாள்தான். பேசாமல் கட்டி அனுப்பிவிட்டால் புத்தகம் கைக்கு வந்துவிடும். அடுப்பைப் பற்றவைத்தாள், எதற்கென்று தெரியாமல் அணைத்தாள். கண்ணை மூடிக் குடைக்காரரைப் பேருந்துப் படியருகே நிறுத்திப் பார்த்தாள். ஏறு என்றாள். அவர் ஏறவில்லை. கூச்சத்தோடு கழுத்தைச் சொறிந்துகொண்டு, அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேனே என்றார்.

கணவர் சொன்னதுதான் சரி. கோபத்தில் அவள் எழுதிய மற்ற பக்கங்கள் நின்றன, அந்தக் கடைசிப் பக்கங்கள் மட்டும் பொய். இந்த உலகத்தில் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர் ஒருவர்தான் உண்டு. அவர் கூடத்தில் சட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

இன்னொன்றும் அப்போது அவளுக்குப் புரிந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் கஷ்டமாக இருந்தது. எங்கே கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தவள் அவள். ஆரம்பம் சரியில்லை என்று அவர் ஒவ்வொரு முறை சொன்னபோதும் உள்ளே ஏதோ ஒரு மூலையில் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பாடா, இந்த வாரமும் முடியவில்லை என்ற நிம்மதி. அவர் பொய் சொன்னார் என்றால் அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவள் அவள். குடைக்காரரை வழியனுப்ப இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை.

அங்கேயே அடுக்களை மேஜையில் உட்கார்ந்து கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிட்டு எழுதினாள். குடைக்காரர் ஆசிரியையின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறார். மாற்றல் வந்துவிட்டது என்கிறார். அந்த அறைக்கு அவள் காரணமில்லாமல் வந்த நாள்களிலெல்லாம் தனக்கும் அது தெரியும் என்றும், தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் வருவதை நிறுத்திவிடுவாளோ என்று பயந்ததாகவும் சொல்கிறார். இந்த இடத்தை எழுதும்போது அது யார் குரல் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள்.

மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்துவிட்டது. கணவர் ரொட்டியும் முட்டையும் செய்து அவள் பக்கத்தில் வைத்திருந்தார், அது ஆறிப்போய்க் கிடந்தது. கூடத்துக்கு வந்து வாசித்தாள். இஸ்திரிப் பெட்டி இல்லை, சட்டை இல்லை, அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். குடைக்காரரின் பேச்சு வந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லாயிருக்கு" என்றார் கடைசியில்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தாள். அது வந்ததும் நெஞ்சில் ஒரு பள்ளம் விழுந்தது.

"முடிஞ்சிடுச்சுல்ல?" என்று கேட்டார்.

முடிந்துவிட்டது என்றாள். யாராவது ஊருக்குப் போனால் வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது வீடு.

மறுநாள் காலை அவள் நாவலின் தாள்கட்டைத் தபாலில் அனுப்ப நினைத்தாள். அவர் வேண்டாம் என்றார். லிஃப்ட் கம்பெனிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, முகம் மழித்து, இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன். தனியா அனுப்ப வேணாம்."

அவள் தாள்கட்டை இரண்டு கையாலும் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஜன்னலிலிருந்து பார்த்தால் பேருந்து நிறுத்தம் தெரியும். தாள் மடங்கிவிடக்கூடாதென்று மார்போடு அணைத்துக்கொண்டு அவர் கூட்டத்திலிருந்து கொஞ்சம் ஒதுங்கி நின்றார். பேருந்து வந்ததும், ஏறுவதற்கு முன் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அவள் கையசைத்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.